கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பூனைகள்

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி எனக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது. இந்த டைரி வயர் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. மூன்று மாதமாகக் கடையில் ஃபேன் காற்றுக்குக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தேன்.

யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா படிக்கும்போது குழம்பக் கூடாது.

நான் திருமூர்த்தி, வயது நாற்பத்தொன்பது. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கலாமணி என் மனைவி. பிப்ரவரியில் மருதமலையில் கல்யாணம், இரண்டு பேருக்கும் இரண்டாவது. அவள் இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். கிரைண்டர் ரிப்பேர் என்று போன வருடம் அவள் வீட்டுக்கு நான்கு தடவை போனேன். முதல் தடவை நிஜமாகவே பழுது இருந்தது.

பிரகதி அவள் மகள். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து, போன வாரம்தான் தாயும் மகளும் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள். கூடவே பிரகதியின் இரண்டு பூனைகளும் வந்தன. வெள்ளையாக இருப்பது உளுந்து. பழுப்பாக இருப்பது வெந்தயம். மாவுக்காரர்கள் வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

என் பக்கம் இரண்டு நாய்கள். சின்னுவுக்கு வயது பன்னிரண்டு, ஒரு கண் மங்கல். என் முதல் மனைவி வசந்தாமணி குட்டியாகத் தூக்கி வந்தது. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அடுத்தது ஃபியூஸ், மூன்று வயது. குட்டியில் வயரைக் கடித்துத் தெருவுக்கே கரண்டைப் போக்கியவன். வகுப்புக்கு ஒரு போக்கிரி இருப்பான் இல்லையா, இந்த வீட்டுக்கு அவன்.

நேற்று சித்திரை ஒன்று. பாயசம் கொதித்துக்கொண்டிருந்தபோது ஃபியூஸ் உளுந்தைத் துரத்தினான். உளுந்து பீரோ மேல் ஏறி மாலை வரை இறங்கவில்லை. வெந்தயம் ஓடவில்லை, நின்று அவன் மூக்கில் நாலு கோடு போட்டது. நடுவில் ஒரு குண்டா மாவு கவிழ்ந்து, வீடு முழுக்கக் கோலம் போட்டாற்போல வெள்ளைக் கால்தடம். சின்னு மட்டும் தன் பக்கம் வழிந்து வந்த மாவை நக்கிவிட்டு மறுபடி தூங்கியது.

பிரகதி கத்தவில்லை, அழவில்லை. அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் அவள் நேராகப் பேசுவதில்லை.

“என்ற பூனைங்க இங்க நிம்மதியா இருக்க முடியாதுன்னா நானும் இருக்க மாட்டேன். ரெண்டையும் தூக்கீட்டுப் பொள்ளாச்சிக்குப் போயர்றேன். பெரியம்மா வீட்ல இருந்து ப்ளஸ் ஒன் படிச்சுக்கறேன்.”

“ரிசல்ட் வரைக்கும் பொறுத்துக்க கண்ணு. அதுக்குள்ள செரியாகலைன்னா உன்ற இஷ்டம்” என்றாள் கலாமணி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாய்களை உடுமலையில் என் தம்பி தோட்டத்தில் விடட்டுமா என்று கேட்டேன்.

“அந்தப் பேச்சே வேண்டாமுங்க. அவிய எங்களுக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்தவிய.”

ஆகவே இன்று கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சொன்ன வழி இது. பூனைகள் பின் அறையில், நாய்கள் முன்னால், நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்துத் துணியை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துத் துணியை இந்தப் பக்கமும் போட்டு வாசனை பழக்க வேண்டும். துணியைத் துவைக்கவே கூடாது. ராத்திரிச் சாப்பாடு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், கதவை ஒட்டி. தட்டைத் தினமும் ஒரு விரற்கடை கதவுக்குப் பக்கமாக நகர்த்த வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் குரல் கேட்டால் பயம் போகுமாம். முப்பது நாள், அவசரம் கூடாது.

பூனைப் பக்கம் பிரகதி. நாய்ப் பக்கம் நான். ஏழரை மணி கலாமணிக்கு மாவு வியாபாரம் நடக்கும் நேரம், அவளை எதிர்பார்க்க முடியாது.

ஏப்ரல் 16, செவ்வாய்

பேசு என்றால் எதைப் பேசுவது? ஒன்பது வருடமாக நாய்களிடம் ‘வா’, ‘போ’, ‘சீ, விடு’ தவிர நான் எதுவும் பேசியதில்லை. முழிபிதுங்கி, கடைசியில் இன்று கட்டிய மோட்டாரைச் சொன்னேன். “இருபத்திநாலு ஸ்லாட்டு. ஒரு காயிலுக்கு நாப்பத்திரெண்டு சுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு...”

இருபத்தொன்பதில் அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. பூனை சிரிக்காது. நான் நாற்பத்திரண்டு வரை எண்ணி முடித்தேன்.

ஃபியூஸ் உறுமியது பதினொரு தடவை.

ஏப்ரல் 17, புதன்

உறுமல் ஒன்பது. அந்தப் பக்கம் சீறல் ஐந்து. பேசியது நான் மட்டும்.

ஏப்ரல் 19, வெள்ளி

கைவசம் இருந்த மோட்டார் எல்லாம் தீர்ந்துபோய்ப் பேப்பர் கொண்டுபோனேன். ராசிபலன் வாசித்தேன். மேஷம், ரிஷபம், மிதுனம். மிதுனத்தோடு நிறுத்திவிட்டு சின்னுவுக்குத் தண்ணீர் வைத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “உளுந்து, கடகத்துக்கு என்ன போட்டிருக்குன்னு கேளு.”

பூனையிடம் கேட்டதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? யோசித்துவிட்டு, “ஃபியூசு, கடகத்துக்கு வீண் வாக்குவாதம் தவிர்க்கவும்னு போட்டிருக்குதுன்னு சொல்லு” என்றேன்.

“உளுந்து, பேப்பர்க்காரனுக்கு வேற வேலையே இல்லையான்னு கேளு.”

“ஃபியூசு, தினமும் இதேதான் போடறானுகன்னு சொல்லு.”

கலாமணி மாவுக் கரண்டியோடு வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். உறுமல் ஏழு.

ஏப்ரல் 22, திங்கள்

உறுமல் நான்கு. பிரகதி காலையில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிறாள். மூன்று நாளாக அவள் விரல்கள் ஒரே வரியைத்தான் அடிக்கின்றனவாம். உளுந்திடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. காயில் கட்டுவதும் அப்படித்தான், முதல் ஆறு மாதம் கை சொல் பேச்சுக் கேட்காது என்று ஃபியூசிடம் சொன்னேன். எரிந்துபோன மோட்டாரில் எத்தனை சுற்று இருந்தது என்று எப்படித் தெரியும் என்று உளுந்து வழியாகக் கேள்வி வந்தது. பழையதை அறுத்து, ஒவ்வொரு கம்பியாக எண்ண வேண்டும் என்று ஃபியூஸ் வழியாகச் சொன்னேன்.

இரண்டு பிராணிகளும் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள். தட்டு கதவுக்கு ஏழு விரற்கடை நெருங்கியிருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று நான் ஒரு காரியம் செய்தேன்.

துணி மாற்றும் நாள். பிரகதி கிளாசுக்குப் போயிருந்தாள். பூனைகளின் கூடையில் பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று கிடந்தது, நைந்து மெத்தென்று இருந்தது. எடுத்து ஃபியூசை நன்றாகத் துடைத்தேன். துடைத்த பிறகு பார்த்தால் நாயின் எச்சில், என் கையிலிருந்த வார்னிஷ் கறை. இப்படியே திருப்பிக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று ஊறவைத்து, பார் சோப்புப் போட்டுக் கசக்கி, கொஞ்சம் சொட்டு நீலமும் விட்டு, கொடியில் காயப் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கடைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது பிரகதி கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். லுங்கியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கலாமணிதான் சொன்னாள். “அது அவிங்கப்பாவோட லுங்கீங்க. அவரு போன ஏழு வருசமா ஒருக்காகூடத் துவைக்க விட்டதில்ல. எனக்கே தொடக் குடுக்க மாட்டா. அப்பா மடியில படுக்கறாப்பல படுக்கட்டும்னு பூனைங்களுக்கு மட்டுந்தான் போட்டா.”

துவைக்கக் கூடாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். என் கை சும்மா இருக்கவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

தட்டு வைத்தேன். உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. ஃபியூஸ் இன்று ஒரு தடவைகூட உறுமவில்லை. அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

ஏப்ரல் 27, சனி

அதேதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று பேப்பர் எடுத்துப் போகவில்லை. மோட்டாரும் சொல்லவில்லை. சின்னுவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, சின்னு வந்த கதையைச் சொன்னேன்.

வசந்தாமணி உக்கடம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போய், வயர்க்கூடையில் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கத்திரிக்காய் எங்கே என்றேன். மறந்துவிட்டது என்றாள். அவள் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில், சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு இது வாசல் கேட்டருகே போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் இறந்த பிறகும் போய் உட்கார்ந்தது. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் ஆறு மணி வரைக்கும் நான் கேட்டைச் சாத்தவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோது நாய்க்காகத் திறந்து வைத்திருக்கிறேன் என்றேன். நாய்க்காக மட்டும் இல்லை.

“அதனால லுங்கி விசயம் எனக்குப் புரியுது. தெரியாமப் பண்ணீட்டேன். தப்புத்தான். மனசுல வெச்சுக்காத கண்ணு” என்றேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு கதவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பூனைகள் மத்தி மீனை மென்று முடித்துத் தட்டை நக்குவது மட்டும் கேட்டது.

“அதுல அப்பா வாசம் எப்பவோ போயிருச்சுங்க. ரெண்டு வருசமாப் பூன வாசந்தான் அடிச்சுது. நாந்தான் யாருகிட்டயும் சொல்லல.” மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், “அது என்ன சோப்புங்க? நாத்தம் தாங்கல” என்றாள்.

பூனை வழியாகக் கேட்கவில்லை. நேராக என்னிடமே கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு: துணி மாற்றியதில் சிறு சிக்கல். இரண்டு தரப்பும் இப்போது அமைதி.

ஏப்ரல் 30, செவ்வாய்

புதுச் சோப்பு வாங்கினேன், மல்லிகை வாசனை. கலாமணி கேட்டதற்கு, பழையது தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் இன்னும் மூன்று கட்டி இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

மே 4, சனி

மதியம் பன்னிரண்டு மணிக்கு, கம்பியின் தடிமன் பார்க்கும் வயர் கேஜை வீட்டில் மறந்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, எடுக்கப் போனேன். கலாமணி முன்னால் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. கேஜ் பின்பக்கத் திண்டில் இருக்கும் என்று சுற்றிக்கொண்டு போனேன். பின் அறை ஜன்னல் திறந்திருந்தது. நடுக்கதவும் ஆவென்று திறந்திருந்தது.

ஃபியூஸ் பிரகதியின் பாயில் மல்லாந்து கிடந்தான். அவன் கழுத்தில் தலையை வைத்து வெந்தயம் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னுவின் வயிற்றை ஒட்டி உளுந்து சுருண்டிருந்தது, சின்னு அதன் காதை மெதுவாக நக்கிக்கொண்டிருந்தது. சின்னுவுக்குக் குட்டி பிறந்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது நிஜம்.

கேஜை எடுக்காமலே கடைக்குத் திரும்பிவிட்டேன்.

இதை வீட்டில் சொல்லவில்லை. முப்பது நாள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், இன்னும் பத்தொன்பதுதான் ஆகியிருக்கிறது. வைத்தியத்தைப் பாதியில் நிறுத்துவது முறையல்ல.

மே 6, திங்கள்

ஏழரை மணி. ஃபியூஸ் சாப்பிட்டுவிட்டு நாலு காலையும் மேலே தூக்கிக் கிடந்தான். அவன் வால் கதவில் டப் டப்பென்று அடித்தது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வெந்தயத்தின் ஒரு கால் வந்து அவன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு ஃபியூசு உறுமுனானுங்களா?” என்று கேட்டாள் பிரகதி.

“லேசா உறுமறான்” என்றேன்.

“இங்கயும் வெந்தயம் சீறீட்டேதான் இருக்குது.”

எனக்குச் சீறல் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. ஒருவேளை பயத்தில் இருப்பவர்களுக்கு இல்லாத சத்தமும் கேட்கும்போல.

டாக்டரம்மாவுக்கு: முன்னேற்றம் மெதுவாகவே உள்ளது.

மே 8, புதன்

பேசியது: அவள் ஸ்நேகிதி ஒருத்தி ஸ்கூட்டர் ஓட்டி வாய்க்காலில் விழுந்தது, நான் பத்தாவதில் கணக்கில் முப்பத்தேழு வாங்கியது, தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாயா எலுமிச்சையா. பூனைகள் சாப்பிட்டு முடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் பேச்சு முடியவில்லை. ஊறுகாய் விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மே 11, சனி

இரண்டு பக்கமும் இடிக்கிறது. நாயும் பூனையும் பழகிவிட்டன என்று சொன்னால் கதவைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் ஏழரைக்கு அங்கே உட்கார எனக்கு வேலை கிடையாது. சொல்லாமல் விட்டால் ரிசல்ட் வரும், பொள்ளாச்சியிலிருந்து பெரியம்மா காரோடு வருவார்.

இன்று அவளே கேட்டாள். “பொள்ளாச்சியில காத்து நல்லா இருக்குமில்லீங்க?”

போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? அவள் வாழ்க்கைக்குள் நான் வந்து மூன்று மாதம்தான்.

“நல்லா இருக்கும். பஸ்ஸும் ஒன்றரை மணி நேரந்தான்” என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அதற்குப் பிறகு அதிகம் பேச்சு இல்லை. பரவாயில்லை, பூனைகளும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டன.

மே 14, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. பிரகதி நானூற்று முப்பத்தொன்று! கணக்கில் தொண்ணூற்று நான்கு. மாவு வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் கலாமணி ஒரு லட்டுக் கொடுத்தாள். இரண்டு பேர் மாவு வாங்காமல் லட்டு மட்டும் வாங்கிப் போனார்கள். நான் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். பம்ப்செட் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தோட்டக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, “அதெல்லாம் இருக்கட்டுமுங்க, எங்க எறக்கி வெக்கறது?” என்றார்.

நாளை மறுநாள் சாந்தாமணி வருகிறார். கலாமணியின் அக்கா, பிரகதியின் பெரியம்மா, எல்லாம் அவர்தான். நல்ல மனுஷி. அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் அங்கே அனுப்பாதே என்று சொல்லலாம்.

மே 16, வியாழன்

காலை பதினொரு மணிக்குச் சாந்தாமணி வந்தார். டிக்கியில் இருபது இளநீர், பேச்சு அதைவிட அதிகம். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, “எங்க என்ற பூனைக் குட்டிக?” என்று நேராகப் பின் அறைக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

“திறக்காதீங்க!” என்று நான் கத்தினேன். “திறக்காதீங்க பெரியம்மா!” என்று பிரகதியும் கத்தினாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

அவர் திறந்துவிட்டார். ஃபியூஸ் ஒரே பாய்ச்சலில் உள்ளே போனான். போய், வெந்தயத்தின் தலையை மூன்று தடவை நக்கினான். வெந்தயம் தும்மிவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தது, நகம் நீட்டாமல். உளுந்து எங்கள் எல்லோர் காலுக்கும் நடுவில் சாவகாசமாக நடந்து வந்து, ஹாலில் படுத்திருந்த சின்னுவின் வயிற்றில் ஒண்டிக்கொண்டது.

“நாயும் பூனையும் ஆகவே ஆகாதுன்னு போன்ல சொன்ன?” என்றார் சாந்தாமணி தங்கையைப் பார்த்து. “இதுக ஒரே வயத்துல பொறந்ததாட்ட இருக்குதுக!”

கலாமணி முழங்கை வரை மாவோடு நின்றாள். “மே ஒண்ணாந் தேதில இருந்தே இப்படித்தானுங்க்கா. நான் கிரைண்டரப் பாப்பனா, கதவப் பாப்பனா? ஒரு நாள் தாப்பாள் போட மறந்துட்டேன். போய்ப் பாத்தா நாலும் ஒண்ணாத் தூங்குதுக. அப்பறம் தெனமும் நானே திறந்து உடறதுதான்.”

“அப்பறம் ஏன் சொல்லல?” என்றேன் நான், கொஞ்சம் மிடுக்காகவே.

“நீங்க ஏன் சொல்லலீங்க? நாலாந் தேதி ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, கேஜ எடுக்காமப் போனீங்களே?”

என் மிடுக்குப் போன இடம் தெரியவில்லை.

“இவளும் லேசுப்பட்டவ இல்ல” என்று மகள் பக்கம் திரும்பினாள். “மூணாந் தேதி கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சு வந்து பாத்துட்டு, சத்தமில்லாம வெளிய போய், ஒரு மணிக்கு அப்பத்தான் வர்றாப்பல வந்தா. அந்தியில உக்காந்து, வெந்தயம் சீறுதுங்கறா. நான் மாவ அளக்கறனா, சிரிப்ப அடக்கறனா?”

“பூன கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம்” என்றார் சாந்தாமணி. “இந்த வீட்ல ரெண்டு பூனன்னு சொன்னாங்க, நான் அஞ்சு எண்ணறேன்.” அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இத்தன நாளா அந்தக் கதவச் சாத்தீட்டு, அக்கட்டால ஒருத்தி இக்கட்டால ஒருத்தரு என்னத்தப் பண்ணீட்டிருந்தீங்க?”

பிரகதி வெந்தயத்தின் வாலைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். சாந்தாமணி அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனுஷி என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, “இப்பப் பூனைகளுக்கும் பிரச்சன இல்ல. உன்ற இஷ்டந்தான் கண்ணு. வர்றியா, இங்கயே இருக்கறியா?” என்றார்.

“சாயங்காலம் போன்ல சொல்றேன் பெரியம்மா” என்றாள் பிரகதி. அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கார் திரும்பும்வரை கேட்டில் நின்றிருந்தேன்.

பிறகு கடைக்குப் போனேன். ஒரு காயிலை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. ஆறு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஏழரைக்குக் கை தானாகவே தட்டை எடுத்தது. தேவை இருக்கவில்லை. நான்கும் அடுப்படியில் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, உளுந்து ஃபியூசின் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றது. யாருக்கும் என் குரல் வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கதவு விரியத் திறந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிரகதி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்கு நடுவில் இரண்டு முழம் இருக்கும். ஒரு மாதமாகப் பேசிய குரல்தான். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

“சாப்பிட்டாச்சா?” என்றேன்.

“ம்.”

அவள் நகத்தைப் பார்த்தாள். நான் வெறும் தட்டைப் பார்த்தேன். போன் செய்தாயா என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

“கதவச் சாத்துங்க” என்றாள்.

“என்னது?”

“சாத்துங்க. மூஞ்சியப் பாத்தாப் பேச வரமாட்டேங்குது.”

எழுந்து சாத்தினேன். திரும்ப உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் அவள் கதவில் முதுகைச் சாய்த்த சத்தம் கேட்டது.

“பெரியம்மாவுக்குப் போன் பண்ணீட்டேன்.”

“என்ன சொன்ன?”

“நாளைக்குக் காலைல ஒம்பதரைக்கு இங்க ஸ்கூல்ல அட்மிஷன். அம்மாவுக்கு மாவு வேல இருக்குது. கூட வீட்டாளு ஒருத்தரு வரோணுமாம். கடைய லீவு விட முடியுங்களா?”

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் கதவை இரண்டு தடவை தட்டினேன்.



“ரெண்டு தட்டுனாச் செரின்னு எடுத்துக்கறேனுங்க” என்றாள்.